காற்புள்ளியில் வெட்ட முடியாத வரி

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள ஏதேனும் ஒரு களஞ்சியத்தின் பிழை அறிக்கைகளை, நிரல்கள் தரவு கேட்டுப் பெறும் வாயிலான அதன் ஏபிஐ வழியாகக் கேட்டால், மறுமொழியின் உடற்பகுதியில் ஜேசன் என்ற உரை வடிவில் ஒரு பட்டியல் மட்டுமே வந்து சேர்கிறது. நாம் எண்ணிக்கை எதையும் குறிப்பிடாதபோது அதில் 30 உருப்படிகள் இருக்கும். குறிப்பிட்டுக் கேட்டால் ஒரு பக்கத்துக்கு 100 வரை கிடைக்கும். களஞ்சியத்தில் அறிக்கைகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், மீதியை எங்கே தேடுவது என்பது பற்றி அந்தப் பட்டியலில் ஒரு சொல்லும் இராது. அந்தச் செய்தி உடற்பகுதிக்கு வெளியே, மறுமொழியோடு வரும் ஹெடர்கள் என்ற குறிப்பு வரிகளுக்கு நடுவே, லிங்க் என்ற பெயர் தாங்கிய ஒரே வரியில் இருக்கிறது. அதன் அமைப்பைத் தமிழ் எழுத்தில் இப்படிக் காட்டலாம்:

<அடுத்த பக்க முகவரி>; ரெல்="நெக்ஸ்ட்", <கடைசிப் பக்க முகவரி>; ரெல்="லாஸ்ட்"

கோண அடைப்புக்குள் ஒரு முகவரி, ஓர் அரைப்புள்ளி, அந்த முகவரிக்கும் நாம் கேட்ட பக்கத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் ரெல் என்ற அளபுரு (பெயரும் மதிப்பும் கொண்ட துணைக்குறிப்பு), பிறகு ஒரு காற்புள்ளி, மீண்டும் அதே அமைப்பு. பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும் இந்த எளிமைதான், இந்த வரியைப் படிக்கும் நிரல்கள் பலவற்றைத் தவறான வழிக்கு இழுத்துச் செல்கிறது என்பது என் கருத்து. வரியைக் காற்புள்ளியில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அரைப்புள்ளியில் வெட்டி, முதல் பாதியிலிருந்து கோணங்களையும் இரண்டாம் பாதியிலிருந்து மேற்கோள்குறிகளையும் உரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். நான்கைந்து வரிகளில் எழுதியும் விடலாம். கிட்ஹப்பின் மறுமொழிகளுக்கு அது பெரும்பாலும் போதுமானதாகவும் இருக்கும். வேறொரு வழங்கியிடம் (சர்வரிடம்) போகும்போதுதான் அது உடைகிறது. அப்போதும் பிழைச்செய்தி எதையும் காட்டுவதில்லை, அடுத்த பக்கம் இல்லை என்று முடிவு செய்துகொண்டு பேசாமல் நின்றுவிடுகிறது. தரவு திரட்டும் நிரல்களை எழுதிப் பராமரிப்பவன் என்ற முறையில், இதைவிட அச்சம் தரும் பிழை எனக்கு வேறில்லை. திரட்டியதில் பாதிதான் வந்திருக்கிறது என்பதை, வந்த பாதியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஹெடர் புதியதன்று. உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்.டி.டி.பி. 1.1-இன் முதல் வரையறையாக 1997 ஜனவரியில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2068 என்ற இணையத் தர ஆவணம் அதைத் தன் பின்னிணைப்பில் விவரித்திருந்தது. பரவலாக யாரும் செயல்படுத்தவில்லை என்ற காரணத்தால், 1999 ஜூனில் அதன் இடத்தைப் பிடித்த ஆர்.எஃப்.சி. 2616 அதைக் கைவிட்டது. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2010 அக்டோபரில், மார்க் நாட்டிங்ஹாம் எழுதிய ஆர்.எஃப்.சி. 5988 அதை மீட்டெடுத்து, ஆட்டம் செய்தியோடை வடிவத்துக்கென 2005-இல் உருவான உறவுப் பெயர்களின் பதிவேட்டையும் அதனோடு இணைத்தது. இன்று நடைமுறையில் உள்ளது அவரே திருத்தி எழுதி 2017 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 8288. இந்த வரியைப் படிக்கும் நிரலை எழுதப்போகும் எவருக்கும் நான் முதலில் காட்டுவது அந்த ஆவணத்தின் இரண்டாம் பின்னிணைப்பைத்தான். வரியை இடமிருந்து வலமாக எப்படிப் படிக்க வேண்டும் என்பது அதில் படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. 5988-இல் இலக்கணம் இருந்தது, ஆனால் இந்தப் படிமுறை இல்லை. இலக்கணத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டால் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பதால், இந்தச் சேர்க்கையை நான் மிகவும் மதிக்கிறேன்.

காற்புள்ளியில் வெட்டக்கூடாது என்று சொல்வதற்கான காரணத்தை இனிப் பார்க்கலாம். லிங்க் ஹெடரில் காற்புள்ளி வரக்கூடிய இடங்கள் மூன்று. ஓர் இணைப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் முதலாவது; வெட்டும் நிரல் அறிந்திருப்பது இதை மட்டுமே. இரண்டாவது, கோண அடைப்புக்குள் இருக்கும் முகவரி. இணைய முகவரிகளின் இலக்கணமான ஆர்.எஃப்.சி. 3986, காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் முகவரிக்குள் வரத்தக்க குறிகளாகவே வைத்திருக்கிறது. எந்தெந்தப் புலங்கள் வேண்டும் என்பதைக் காற்புள்ளியிட்டு அடுக்கித் தரும் கேள்விகள் ஏபிஐகளில் மிகச் சாதாரணம். அத்தகைய கேள்வியின் அடுத்த பக்க முகவரியை வழங்கி திருப்பித் தரும்போது அதே காற்புள்ளிகள் கோணங்களுக்குள் அப்படியே வந்து நிற்கும். மூன்றாவது இடம், இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் அளபுருவின் மதிப்பு.

மூன்றாவது இடத்துக்கு இணையத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமிக்கப்பட்ட பழைய பக்கம் ஒன்றைக் கேட்டால், அதன் மறுமொழியில் லிங்க் ஹெடர் ஒன்று நீளமாக வரும். மூலப் பக்கம் எது, அதன் சேமிப்புகளின் கால அட்டவணை எங்கே, முதல் சேமிப்பு எது, முந்தையதும் அடுத்ததும் கடைசியும் எவை என்பனவற்றை எல்லாம் அது ஒரே வரியில் சொல்லிவிடும். 2013 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 7089 ஆக வெளிவந்த மெமென்டோ நெறிமுறையின்படி, ஒவ்வொரு சேமிப்பும் எப்போது எடுக்கப்பட்டது என்பதை டேட்டைம் என்ற அளபுரு தாங்கி வருகிறது. எச்.டி.டி.பி. உலகில் நாளை எழுதும் முறையோ கிழமையில் தொடங்கி, உடனே ஒரு காற்புள்ளி இட்டு, அதன் பிறகே தேதியைச் சொல்வது. தர ஆவணங்கள் எடுத்துக்காட்டாகத் தரும் நாள் 'சன், 06 நவ் 1994 08:49:37 ஜிஎம்டி' என்பது. ஆகவே மெமென்டோ மறுமொழியில் நாள் வரும் ஒவ்வொரு இணைப்பிலும் மேற்கோளுக்குள் ஒரு காற்புள்ளி கட்டாயம் உண்டு. காற்புள்ளியில் வெட்டும் நிரல் அந்த நாளைக் கிழமை ஒரு துண்டாகவும் தேதி இன்னொரு துண்டாகவும் பிளந்துவிட்டு, இரண்டாவது துண்டில் முகவரி எங்கே என்று தேடும். அரிதாக நேரும் விபத்து என்று இதை ஒதுக்க முடியாது. நெறிமுறை சரியாகப் பின்பற்றப்படும் ஒவ்வொரு முறையும் நடப்பது இதுதான்.

ஓலைச்சுவடியைப் படிப்பவர், புள்ளி இடப்படாத ஓர் எழுத்தை மெய் என்று கொள்வதா உயிர்மெய் என்று கொள்வதா என்பதை முன்பின் சூழலைக் கொண்டே முடிவு செய்வார். இங்கேயும் குறி ஒன்றுதான். எந்த இடத்தில் நின்றுகொண்டு அதைச் சந்திக்கிறோம் என்பதை வைத்துத்தான் அதன் பொருள் அமைகிறது. எனவே இந்த வரியைப் படிக்கும் நிரல், தான் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்ற நினைவோடு, ஒவ்வொரு குறியாக நகர்ந்து செல்ல வேண்டும்.

அப்படிச் செல்லும் வழி கடினமானதன்று. தொடக்கத்தில் இருக்கும் வெற்றிடங்களையும் வெறும் காற்புள்ளிகளையும் தாண்டுகிறோம். அடுத்த குறி இடது கோணமாக இல்லையென்றால் வரி பழுதுபட்டிருக்கிறது என்று கொண்டு, அதுவரை சேர்த்ததோடு நிறுத்திக்கொள்கிறோம். இடது கோணமாக இருந்தால், முதல் வலது கோணம் வரும்வரை உள்ள அனைத்தும் முகவரி. அதற்குள் காற்புள்ளி, அரைப்புள்ளி, சமக்குறி எது வந்தாலும் நமக்குக் கவலையில்லை. முகவரியின் இலக்கணம் கோணக் குறிகளைத் தனக்குள் அனுமதிப்பதில்லை என்பதால், ஒரு குறியின் சிறப்புப் பொருளை நீக்கும் விடுபடு குறிகள் எதுவும் தேவைப்படாமலே அந்த எல்லை உறுதியாக இருக்கிறது. வரியின் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதன் பிறகு அளபுருக்களின் சுற்று தொடங்குகிறது. அரைப்புள்ளி இருந்தால் அதைத் தாண்டி, சமக்குறியோ அரைப்புள்ளியோ காற்புள்ளியோ வெற்றிடமோ வரும்வரை உள்ளதைப் பெயராக எடுத்துச் சிற்றெழுத்துக்கு மாற்றுகிறோம். சமக்குறி இருந்தால், அதையடுத்து வருவது இரட்டை மேற்கோளா என்று பார்க்கிறோம். மேற்கோளாக இருந்தால் மூடும் மேற்கோள் வரும்வரை படிக்கிறோம். நடுவில் பின்சாய்கோடு வந்தால் அதை நீக்கிவிட்டு அதற்கு அடுத்த குறியை, அது மேற்கோளாகவே இருந்தாலும், மதிப்பின் பகுதியாகச் சேர்த்துக்கொள்கிறோம். மேற்கோள் இல்லையென்றால் அடுத்த அரைப்புள்ளியோ காற்புள்ளியோ வரும்வரை உள்ளதே மதிப்பு. சமக்குறியே இல்லையென்றால் பெயருண்டு, மதிப்பு வெற்று. காற்புள்ளியைச் சந்திக்கும்போது இந்த இணைப்பு முடிகிறது. நாம் மீண்டும் தொடக்கத்துக்குப் போகிறோம்.

இவ்வளவுதான். பைத்தானில் எழுதினால் ஐம்பது அறுபது வரிகளுக்குள் அடங்கிவிடும். வரியின் நீளத்துக்கு நேர்விகிதத்தில்தான் நேரம் பிடிக்கும் என்பதும் இதன் சிறப்பு. இதே வேலையை, எழுத்துகளின் கோலத்தைத் தேடும் சுருங்குறித்தொடர் (ரெஜெக்ஸ்) ஒன்றால் செய்ய முயன்றால் அந்த உறுதி போய்விடக்கூடும். ஜாவாஸ்கிரிப்ட்டை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட் உலகில் பலரும் பயன்படுத்திய பார்ஸ்-லிங்க்-ஹெடர் என்ற நிரலகத்தின் 2.0.0-க்கு முந்தைய பதிப்புகளில், வேண்டுமென்றே திரித்து எழுதப்பட்ட ஒரு நீண்ட ஹெடரைக் கொடுத்தால் சுருங்குறித்தொடர் பின்னோக்கிப் பின்னோக்கித் திரும்பி நிரலையே முடக்கிவிடும் குறை 2021-இல் பதிவானது. ஹெடர் என்பது வெளியிலிருந்து யாரோ அனுப்பும் தரவு. அதைப் படிக்கும் நேரத்தை அனுப்புகிறவர் தீர்மானிக்கும் நிலையை நாம் உருவாக்கக்கூடாது.

பைத்தானில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரிக்வெஸ்ட்ஸ் நிரலகத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் மறுமொழிப் பொருளின் லிங்க்ஸ் என்ற பண்பைக் கேட்டால், ஹெடர் ஏற்கெனவே பிரிக்கப்பட்ட நிலையில் ஓர் அகராதியாக, அதாவது ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பு என்ற வடிவில், கிடைக்கிறது. இந்த வசதியைப் பல ஆண்டுகளாக நன்றியோடு பயன்படுத்துகிறேன். பக்கம் பக்கமாகப் போவதற்கு அது பெரும்பாலான இடங்களில் போதும். ஆனால் அது எதைச் செய்கிறது என்பதை அறிந்து பயன்படுத்த வேண்டும் என்பதற்காக, அதன் மூலநிரலைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். காற்புள்ளியையும் அதைத் தொடரும் இடது கோணத்தையும் சேர்த்து ஓர் எல்லையாகக் கொண்டு அது வரியை வெட்டுகிறது. இதனால் மெமென்டோவின் நாளும், முகவரிக்குள் இருக்கும் காற்புள்ளியும் தப்பிவிடுகின்றன, நல்ல யோசனை. அதன் பிறகு ஒவ்வொரு துண்டையும் முதல் அரைப்புள்ளியில் இரண்டாக்குகிறது. முகவரிக்குள்ளேயே அரைப்புள்ளி இருந்தால் முகவரி அங்கேயே அறுந்துவிடும். எஞ்சியதை மறுபடியும் அரைப்புள்ளிகளில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சமக்குறியில் இரண்டாக்குகிறது. சரியாக இரண்டாகப் பிரியாத துண்டு ஒன்று வந்தால் அந்த இணைப்பின் மீதி அளபுருக்களைப் படிக்காமலே வெளியேறிவிடுகிறது. ஆகவே ஒரு வழங்கி ரெல்லுக்கு முன்னால் டைட்டில் என்ற அளபுருவை வைத்து, அந்தத் தலைப்புக்குள் ஓர் அரைப்புள்ளியோ சமக்குறியோ இருந்துவிட்டால், ரெல் காணாமல் போகும். ரெல் இல்லாத இணைப்பு அகராதியில் தன் முகவரியையே சாவியாகக் கொண்டு உட்கார்ந்துகொள்ளும். நெக்ஸ்ட் என்ற சாவியைத் தேடும் நம் நிரல் அது இல்லையென்று கண்டு, கடைசிப் பக்கம் வந்துவிட்டதாக எண்ணி நின்றுவிடும். மேலே நான் அஞ்சியதாகச் சொன்ன பிழை இதேதான்.

அகராதி என்ற வடிவமே எனக்கு உடன்பாடானதன்று. லிங்க் ஹெடர் என்பது இணைப்புகளின் பட்டியல். ஒரே உறவில் பல இணைப்புகள் இருப்பது இயல்பு. ஒரு பக்கம் தனக்குத் தேவையான நடைத்தாள், எழுத்துரு, நிரல்கோப்பு ஆகிய மூன்றையும் முன்கூட்டியே தரவிறக்கச் சொல்லி மூன்று ப்ரீலோட் இணைப்புகளை அனுப்பலாம். 2017 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 8297 வரையறுத்த 103 என்ற முன்னறிவிப்பு மறுமொழியின் முதன்மையான பயனே இத்தகைய இணைப்புகளை உடற்பகுதி தயாராவதற்கு முன்பே அனுப்புவதுதான். உறவின் பெயரைச் சாவியாக வைத்தால் மூன்றில் கடைசியாக வந்தது மட்டுமே மிஞ்சும். மறுபுறம், ஒரே இணைப்புக்குப் பல உறவுகளும் இருக்கலாம். ரெல்லின் மதிப்பு என்பது வெற்றிடத்தால் பிரிக்கப்பட்ட சொற்களின் வரிசை. வேபேக் மெஷினின் முதல் சேமிப்பு 'ஃபர்ஸ்ட் மெமென்டோ' என்ற மதிப்போடு வரும். ஃபர்ஸ்ட், மெமென்டோ ஆகியவை இரண்டு தனித்தனி உறவுகள். இரண்டையும் ஒட்டி ஒரே சாவியாக்கிவிட்டால், மெமென்டோ என்று தேடுபவருக்கு அது அகப்படாது. இரண்டே பக்கங்கள் உள்ள பட்டியலில் 'நெக்ஸ்ட் லாஸ்ட்' என்று ஒரு வழங்கி சேர்த்து எழுதினால் அது முற்றிலும் சரியான எழுத்து. அதைப் புரிந்துகொள்ளாத நிரல்தான் தவறானது. எனவே என் செயற்கூறு (ஃபங்ஷன்) திருப்பித் தருவது எப்போதும் ஒரு பட்டியலையே. ஒவ்வோர் உருப்படியிலும் முகவரி, உறவுகளின் தொகுப்பு, அளபுருக்களின் வரிசை ஆகியவை இருக்கும். நெக்ஸ்ட் எது என்று கேட்பதற்குத் தனியாக ஒரு சிறு செயற்கூறு போதும்.

உறவின் பெயர் பற்றிய விதிகள் சில உள்ளன; அவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். பேரெழுத்து சிற்றெழுத்து வேறுபாடு பார்க்கக்கூடாது. ஒரே இணைப்பில் ரெல் இரண்டு முறை வந்தால் முதலாவதை மட்டும் ஏற்க வேண்டும். முந்தைய பக்கத்துக்குப் ப்ரெவ், ப்ரீவியஸ் ஆகிய இரண்டு பெயர்களும் பதிவேட்டில் ஒருபொருட்பன்மொழியாக உள்ளன. பதிவேட்டில் இல்லாத உறவு வேண்டும் என்றால் சொந்தமாகச் சொல் ஒன்றைப் புனையாமல் முழு முகவரி ஒன்றையே உறவின் பெயராக எழுத வேண்டும். 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்பு முதல் வேர்ட்பிரஸ் தளங்கள் தம் ஏபிஐ இருக்கும் இடத்தை இப்படித்தான் அறிவிக்கின்றன. அங்கே ரெல்லின் மதிப்பு ஒரு இணைய முகவரி. உறவின் பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கும் என்று எண்ணி எழுதப்பட்ட சுருங்குறித்தொடர், முக்காற்புள்ளியும் சாய்கோடுகளும் நிறைந்த அந்த மதிப்பைத் தவறவிடும்.

முகவரி என்று கோணத்துக்குள் கிடைத்ததை அப்படியே பயன்படுத்தவும் முடியாது. அது சார்பு முகவரியாக இருக்கலாம். சாய்கோட்டில் தொடங்கும் பாதையாகவோ, கேள்விக்குறியில் தொடங்கும் வினாப்பகுதியாகவோ, முற்றிலும் வெறுமையாகவோ கூட இருக்கலாம். அதை மறுமொழி வந்த முகவரியோடு சேர்த்து முழுமையாக்க வேண்டும். இங்கே இரண்டு நுட்பங்கள் உண்டு. வழியில் திசைதிருப்பல் நடந்திருந்தால், அடிப்படையாகக் கொள்ள வேண்டியது நாம் முதலில் கேட்ட முகவரியை அல்ல, இறுதியில் மறுமொழி தந்த முகவரியை. அடுத்து, எச்.டி.எம்.எல். பக்கத்துக்குள் பேஸ் என்ற குறியீட்டால் வேறோர் அடிப்படை முகவரி அறிவிக்கப்பட்டிருந்தாலும், அது ஹெடரில் உள்ள இணைப்புகளுக்குப் பொருந்தாது என்று 8288 தெளிவாகச் சொல்கிறது.

ஆங்கர் என்ற அளபுரு பலரும் கண்டிராதது; ஆனால் இதைக் கவனிக்காமல் விடுவதுதான் பொருளளவில் மிகப் பெரிய தவறுக்கு இட்டுச்செல்லும். வழக்கமாக ஓர் இணைப்பு, நாம் கேட்ட பக்கத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆங்கர் இருந்தால், அது குறிப்பிடும் வேறொரு பக்கத்தைப் பற்றிப் பேசுகிறது. 'வேறொரு பட்டியலின் அடுத்த பக்கம் இது' என்று வழங்கி சொன்னதை 'என் பட்டியலின் அடுத்த பக்கம் இது' என்று நாம் எடுத்துக்கொண்டால், பிரித்துப் படித்ததில் ஓர் எழுத்தும் பிசகாமல் இருந்தும் முடிவு முழுப் பொய்யாகிவிடும். ஆங்கரைச் செயல்படுத்த விரும்பாத நிரல் அந்த இணைப்பை முழுவதுமாகப் புறக்கணிக்க வேண்டும் என்பதே விதி. ஆங்கரை மட்டும் கழற்றிவிட்டு மீதியை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி, இணைப்பின் தலைப்பைத் தாங்கும் டைட்டில் அளபுரு. ஹெடர்களில் அடிப்படை லத்தீன் எழுத்துகளுக்கு அப்பால் உள்ள எதையும் நேரடியாக எழுதுவது பாதுகாப்பற்றது. பைத்தானின் அடிநிலை நிரலகமும் உலாவிகளில் தரவு கேட்கும் ஃபெட்ச்சும் ஹெடரின் பைட்டுகளை ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 குறியாக்கமாகவே வாசிக்கின்றன, யூனிகோடின் யூ.டி.எஃப்-8 பைட்டுகளாக நேரடியாக அனுப்பப்பட்ட தமிழ்த் தலைப்பு, உச்சரிப்புக் குறிகள் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாக வந்து சேரும். இதற்கென்றே உடுக்குறி சேர்ந்த டைட்டில்* என்ற தனி வடிவம் இருக்கிறது. அதில் முதலில் குறியாக்கத்தின் பெயர், ஒற்றை மேற்கோள், விரும்பினால் மொழிக் குறியீடு, மீண்டும் ஒற்றை மேற்கோள், அதன் பிறகு விழுக்காட்டுக் குறிகளால் மாற்றி எழுதப்பட்ட உரை என்ற வரிசை அமையும். தமிழ் எழுத்துகளுக்கான ஒவ்வொரு யூனிகோடு குறியீடும் யூ.டி.எஃப்-8-இல் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு பதினறும இலக்கங்களும் ஆகிறது. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். ஆக 15 பைட்டுகள். ஹெடரில் அது 45 குறிகளாக நீள்கிறது. கட்டுரைத் தலைப்பு ஒன்றை முழுதாக எழுதினால் பல நூறு குறிகள் ஆகிவிடும் என்பதால், ஹெடரின் நீளத்துக்கு மிகக் குறுகிய வரம்பு வைக்கும் நிரல்கள் தமிழ்த் தளங்களை மட்டும் தண்டிப்பவையாக அமையக்கூடும். டைட்டில், டைட்டில்* இரண்டும் இருந்தால், பிரித்துப் படிக்க முடிகிறவரை உடுக்குறி உள்ளதையே ஏற்க வேண்டும். உடுக்குறியைப் பெயரின் ஒரு பகுதியாகக் கருதாமல் உரித்தெறியும் நிரல்கள், விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த மூல உரையையே தலைப்பாகக் காட்டிவிடும்.

வரியைச் சரியாகப் பிரித்த பிறகு, கிடைத்த முகவரியை எப்படி நடத்துவது என்ற கேள்வி எஞ்சுகிறது. என் பதில்: அதன் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது. நெக்ஸ்ட் முகவரியில் பக்க எண் தெரிகிறது என்பதற்காக அதை எடுத்து ஒன்று கூட்டிக்கொண்டே போகும் நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிட்ஹப்பிலேயே சில வினாக்கள் பக்க எண்ணைத் தருகின்றன, சில ஆஃப்டர் என்ற சுட்டியைத் தருகின்றன, சில சின்ஸ் என்பதைத் தருகின்றன. பெயரைச் சொல்லிக் கேட்ட களஞ்சியத்தின் அடுத்த பக்க முகவரி, பெயருக்குப் பதிலாக அதன் எண்ணை வைத்து வருவதும் அங்கே வழக்கம். எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டால் லிங்க் ஹெடரே வராது. மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் நிலைமை இன்னும் தெளிவு. நாம் விரும்பிக் குறித்துவைத்த பதிவுகளின் பட்டியலில், பக்கங்களைப் பிரிக்கப் பயன்படும் எண் பதிவின் எண் அல்ல. குறித்துவைத்த செயலுக்கு உரிய உள் எண். அது உடற்பகுதியில் எங்கும் வெளிப்படுவதில்லை. லிங்க் ஹெடரைப் படிப்பதைத் தவிர அடுத்த பக்கத்துக்குப் போக அங்கே வேறு வழியே கிடையாது.

ஆனால் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருப்பது வேறு, கண்ணை மூடிக்கொண்டு பின்தொடர்வது வேறு. நாம் அனுப்பும் கோரிக்கைகளில் பெரும்பாலும் ஆத்தரைசேஷன் ஹெடரில், நம்மை அடையாளம் காட்டும் ரகசிய டோக்கன் இருக்கிறது. நெக்ஸ்ட் முகவரி வேறொரு புரவலனை (ஹோஸ்ட்டை) சுட்டினால், அடுத்த கோரிக்கையோடு அந்த டோக்கனும் அங்கே போய்விடும். திசைதிருப்பலின்போது புரவலன் மாறினால் டோக்கனைக் கழற்றிவிடும் எச்சரிக்கை பல நிரலகங்களில் உள்ளது. லிங்க் ஹெடரிலிருந்து எடுத்து நாமே அனுப்பும் புதிய கோரிக்கைக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ஆகவே நெறிமுறை, புரவலன் பெயர், துறை (போர்ட்) எண் மூன்றும் முதல் கோரிக்கையோடு ஒத்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு பக்கத்திலும் சரிபார்க்கிறேன். ஒத்திராதபோது, டோக்கனைக் கழற்றிவிட்டுக்கூட அனுப்புவதில்லை, பிழையாக நிறுத்திவிடுகிறேன். ஏற்கெனவே சென்ற முகவரி மீண்டும் நெக்ஸ்டாக வந்தாலும் நிறுத்துகிறேன். தன்னையே அடுத்த பக்கமாகச் சுட்டும் ஒரு வழங்கியால் நிரல் இரவு முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்னொரு தடை உண்டு. வேறு தளத்திலிருந்து வந்த மறுமொழியின் ஹெடர்களில் கன்டென்ட்-டைப், எக்ஸ்பயர்ஸ் போன்ற ஒரு சிலவற்றை மட்டுமே, தளங்களுக்கிடையிலான தரவுப் பகிர்வைக் கட்டுப்படுத்தும் கோர்ஸ் விதிகள் நிரலுக்குக் காட்டும். லிங்க் அந்தச் சிறு பட்டியலில் இல்லை. வழங்கி, ஆக்சஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ் என்பதில் லிங்க்கைச் சேர்த்து வெளிப்படையாக அனுமதித்தால்தான் அதைப் படிக்க முடியும். கிட்ஹப் அப்படிச் செய்கிறது. நாமே ஏபிஐ எழுதும்போது இதை மறந்துவிட்டால், உலாவியின் வலைப்பின்னல் பலகையில் ஹெடர் கண்ணுக்குத் தெரிய, நிரலில் மட்டும் வெறுமையாக வரும்.

பிரிக்கும் செயற்கூறுக்கான சோதனைக் கோப்பை நான் செயற்கூறுக்கு முன்பே எழுதுகிறேன். வெற்றுச் சரம் கொடுத்தால் வெற்றுப் பட்டியல் வர வேண்டும். முகவரிக்குள் காற்புள்ளி, அரைப்புள்ளி, சமக்குறி ஆகியவற்றைத் தனித்தனியே வைத்த மூன்று வரிகள். மேற்கோளுக்குள் நாள், மேற்கோளுக்குள் காற்புள்ளியும் இடது கோணமும் அடுத்தடுத்து நிற்கும் தலைப்பு, பின்சாய்கோட்டால் காக்கப்பட்ட மேற்கோள் கொண்ட தலைப்பு. மேற்கோள் இல்லாத ரெல், பேரெழுத்தில் எழுதிய ரெல், இரண்டு முறை வரும் ரெல், ரெல்லே இல்லாத இணைப்பு. சமக்குறியின் இருபுறமும் வெற்றிடம். மூடப்படாத மேற்கோள், அதில் வரி முடியும்வரை படித்ததே மதிப்பு, நிரல் விழக்கூடாது. லிங்க் என்ற பெயரில் இரண்டு ஹெடர்கள் தனித்தனியே வந்தால் அவற்றைக் காற்புள்ளியிட்டு இணைத்த ஒரே வரியாகக் கொள்ளலாம் என்பது எச்.டி.டி.பி.யின் பொது விதி என்பதால், இரு வடிவங்களும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று ஒரு சோதனை. அதே பொது விதியின்படி, பட்டியலில் வெறுமையான உறுப்புகள் இருந்தால் அவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனவே இரண்டு காற்புள்ளிகள் அடுத்தடுத்து நிற்கும் வரிக்கும் ஒரு சோதனை உண்டு. புதிதாக ஒரு வழங்கியோடு வேலை செய்யத் தொடங்கும்போது, அது அனுப்பிய லிங்க் வரியில் உள்ள டோக்கன்களை நீக்கிவிட்டு அப்படியே இந்தக் கோப்பில் சேர்த்துக்கொள்கிறேன். அந்தச் சோதனை வெற்றி பெற்ற பிறகே இரண்டாம் பக்கத்தைக் கேட்கிறேன்.